முதலில் முடிந்துபோவது எது?

எல்லோருக்கும் ஒரு நாள் சாவு வரும் என்பது நாம் அறியாத செய்தி அல்ல. அறிந்திருந்தும் அந்தச் செய்தி நம்முடைய ஒரு சாதாரணப் புதன்கிழமையை எந்த வகையிலும் மாற்றுவதில்லை என்பதுதான் என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. 80 வயது வரை வாழ்பவருக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 29,200 நாட்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 26 ஆண்டுகளுக்கு மேல், உறக்கத்தில் போய்விடும். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது நெஞ்சு ஒரு கணம் திக்கென்கிறது. மறுநாள் காலையில் அந்தத் திகைப்பின் சுவடுகூட இல்லாமல் வழக்கமான வேலைகளுக்குள் நுழைந்துவிடுகிறோம். இதை மனிதரின் மெத்தனம் என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சாவைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் சித்திரத்திலேயே கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். வாழ்வு முழுவதும் ஒரே சீராக ஓடி, எங்கோ தொலைவில் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அந்த இடம் தொலைவில் இருக்கும் வரை எதையும் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

வாழ்வு அப்படி ஓரிடத்தில் முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலக மக்களின் சராசரி ஆயுட்காலம் சுமார் 73 ஆண்டுகள். நோயும் முடக்கமும் இன்றி முழு நலத்தோடு வாழும் காலம் என்று பார்த்தால் அது சுமார் 63 அல்லது 64 ஆண்டுகளாகக் குறைந்துவிடுகிறது. இடையில் உள்ள ஏறத்தாழ 10 ஆண்டுகள் வாழ்நாள் நெடுக அங்கங்கே சிதறியிருந்தாலும், பெரும்பகுதி முதுமையில்தான் வந்து குவிகிறது. ஆகவே நமக்கு 80 வயது வரை ஆயுள் வாய்த்தாலும், 80 வயது வரை மலையேற முடியும் என்றோ, பொடி எழுத்தைப் படிக்க முடியும் என்றோ, ஒரு பெயரை நினைத்த மாத்திரத்தில் சொல்ல முடியும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. நாற்பதுகளிலேயே கண்ணின் வில்லை நெகிழ்வை இழந்து, கையில் பிடித்த புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கச் சொல்கிறது. காது முதலில் மெல்லிய, உயர்ந்த சுருதியில் ஒலிப்பவற்றை விட்டுவிடுகிறது. இவை எவற்றுக்கும் நாம் சாவு என்று பெயர் வைப்பதில்லை. ஆனால் நாம் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு காரியமும் இவற்றுள் ஏதோ ஒன்றை நம்பித்தான் இருக்கிறது, நம்முடைய முழு ஆயுளை நம்பி இல்லை. காரியத்துக்குக் காரியம் தனித்தனிக் கெடு உண்டு. அந்தக் கெடுவில் பெரும்பாலானவை நமக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

இதை நான் என் அப்பாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவர் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர். வேலையிலிருந்த காலம் முழுவதும் புத்தகங்கள் வாங்கி, முதல் பக்கத்தின் மேல் மூலையில் வாங்கிய தேதியைச் சிறிய எழுத்தில் எழுதி, அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்கு என்று அவை ஒதுக்கப்பட்டிருந்தன. ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் நோய் அவருடைய இரண்டு கண்களையும் பிடித்துக்கொண்டது. இந்த நோயில் பார்வை முழுவதும் இருண்டுவிடுவதில்லை. ஓரப் பார்வை இருக்கும். நேராக எதைப் பார்க்கிறோமோ அந்த இடத்தில் மட்டும் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவர் வீட்டுக்குள் தடுமாறாமல் நடந்தார், வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார், ஆனால் நின்றவரின் முகத்தையும் புத்தகப் பக்கத்திலுள்ள எழுத்தையும் இழந்தார். புத்தகத்தைக் கையில் எடுத்து, தலையை இடப்பக்கமாகத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் ஒரு வரியைப் பிடிக்கப் பார்ப்பார். தலைப்பின் பெரிய எழுத்துகள் பிடிபடும். அதற்குக் கீழே உள்ளவை பிடிபடாமல் நழுவிவிடும்.

பிறகு மாலை வேளைகளில் நான் படித்துக் காட்டத் தொடங்கினேன். அவர் புத்தகங்களைப் பெயரால் கேட்கமாட்டார். அட்டையின் நிறத்தாலும் அலமாரியில் அவை இருந்த இடத்தாலும் கேட்பார். “மேல் தட்டுல, வலது கோடியில, பச்சை அட்டை போட்டது இருக்கும் பாரு” என்பார். அது அங்கேயே இருக்கும். பல புத்தகங்களில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால், ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பிரித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. நான் சற்று வேகமாகப் போனால் கையை உயர்த்தி நிறுத்தி, அந்தப் பத்தியை மறுபடியும் படிக்கச் சொல்வார். சில இடங்களில் நானாகவே நிறுத்துவேன், அவர் ஏதோ யோசிக்கிறார் என்று தெரியும். அந்த மாலைகள் நிறைவானவை, அவற்றை ஒருபோதும் துயரமானவை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அப்பா தனக்கென்று சேர்த்து வைத்திருந்தது அந்த அனுபவத்தை அல்ல. தனியாக, தன் வேகத்தில், பிடித்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, யாருடைய குரலும் குறுக்கிடாமல் படிப்பதைத்தான் அவர் சேர்த்து வைத்திருந்தார். அது அவருக்குப் பல ஆண்டுகள் முன்பாகவே முடிந்துவிட்டது. ஆயுள் அதற்குப் பிறகும் நீண்டது.

அன்றிலிருந்து, எதை முன்னால் வைப்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் வழக்கமான இரண்டு அளவுகோல்களையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைப் பயன்படுத்தப் பழகியிருக்கிறேன். எது அவசரம் என்று நாம் வழக்கமாகக் கேட்கிறோம்; கொஞ்சம் நிதானமானவர்கள் எது முக்கியம் என்று கேட்கிறார்கள். எது முதலில் முடிந்துபோகும் என்று நான் கேட்கிறேன். இந்தக் கேள்வி வரிசையை அடியோடு மாற்றிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அலுவலக மின்னஞ்சல்கள் அவசரமாகத் தோன்றுகின்றன, ஆனால் அவை முடிவதே இல்லை. ஒன்றுக்குப் பதில் எழுதினால் அந்தப் பதிலே இன்னொன்றை ஈன்றுவிடுகிறது, நாம் இல்லாமல் போனாலும் வேறொருவர் பெயருக்கு வந்துகொண்டிருக்கும். கண்டதற்கெல்லாம் “ஏன், ஏன்” என்று கேட்கும் குழந்தையின் வயது முடிந்துவிடும். ஒரு குடும்பத்தின் பழைய கதைகளை நேரில் கண்டவராக எஞ்சியிருக்கும் கடைசி மனிதரின் நினைவு முடிந்துவிடும். வெகுநாள் பேசாமல் இருக்கும் நண்பரோடு எந்தத் தயக்கமும் இன்றி விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய அந்த இலகுவும், இன்னும் சில ஆண்டுகள் பேசாமல் இருந்தால் முடிந்துவிடும். முடிந்துபோகிறவை எவையும் சத்தம் போடுவதில்லை, நினைவூட்டல் அனுப்புவதில்லை, தவறவிட்டதற்கு அபராதம் விதிப்பதில்லை. ஆகவே கூச்சலிடுகிறவற்றின் பின்னால் அவை எப்போதும் ஒதுங்கி நிற்கின்றன.

நாம் ஏன் இப்படித் தள்ளிப்போடுகிறோம் என்பதற்கு உளவியலாளர்கள் நல்ல விளக்கம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதிக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் அதை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்று விடை வந்தது. எல்லாமே மிக மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். அதற்குச் சராசரியாக 49 நாட்கள் என்றார்கள். கட்டுரைகள் உண்மையில் முடிய ஆனது சராசரியாக 55 நாட்களுக்கும் மேல். அவர்கள் மிக மோசம் என்று எண்ணிய நிலையையும் நடைமுறை தாண்டிவிட்டது. இந்த ஆய்வில் என்னைத் தொட்டது தாமதம் அல்ல, யாருக்குத்தான் தாமதம் ஆகவில்லை. நாம் நம்முடைய வருங்காலத்தை எவ்வளவு தடங்கலற்றதாகக் கற்பனை செய்கிறோம் என்பதுதான். வருகிற வாரத்தில் காய்ச்சல் இல்லை, விருந்தாளி இல்லை, குழாய் உடைப்பு இல்லை, மனச்சோர்வு இல்லை. இந்த வாரம் மட்டும்தான் ஏதோ விதிவிலக்காக நெருக்கடியாக இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்த விதிவிலக்காகவே வந்து சேர்கிறது என்பதைக் கவனிக்கக் கொஞ்சம் வயது ஆக வேண்டியிருக்கிறது.

வருத்தம் பற்றிய ஆராய்ச்சியும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். அண்மைக் காலத்தை நினைக்கும்போது மக்கள் பெரும்பாலும் தாங்கள் செய்துவிட்ட காரியங்களுக்காக வருந்துகிறார்கள். வாழ்நாள் முழுவதையும் திரும்பிப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டவையே பெரிதாக எழுந்து நிற்கின்றன. இதற்குக் காரணம் இருக்கிறது. செய்த தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கலாம், இழப்பீடு தரலாம், அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டதாக நம்மைத் தேற்றிக்கொள்ளலாம். செய்யாமல் விட்டது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எல்லையே கிடையாது. காலம் போகப் போக அது வளர்ந்துகொண்டே போகிறது, அதைத் தடுத்த அன்றைய காரணங்களோ சுருங்கிச் சுருங்கி மறந்தே போகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளையும் கடைசி நாளாக எண்ணி வாழ வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. அதை மனமார நம்புகிறவர்கள் பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்க மாட்டார்கள், விதை போட மாட்டார்கள், ஒரு மொழியின் அரிச்சுவடியைத் தொடங்க மாட்டார்கள், பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிக்க மாட்டார்கள். கடைசி நாள் என்பது பிரியாவிடைக்கு உரிய நாள். அதில் எதையும் கட்ட முடியாது. அதேபோல், நேரம் குறைவு என்பதால் ஒவ்வொரு நிமிடத்தையும் பிழிந்து பயன்படுத்த வேண்டும் என்ற பேச்சும் எனக்கு உவப்பானதாக இல்லை. அப்படி வாழ்கிறவர்கள் சிலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நடக்கும்போது ஏதோ ஓர் உரையை இரட்டை வேகத்தில் கேட்கிறார்கள், உண்ணும்போது பதில் எழுதுகிறார்கள், குழந்தையோடு விளையாடும்போது மனத்துக்குள் அடுத்த வேலையை வரிசைப்படுத்துகிறார்கள். நிமிடங்கள் வீணாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்த ஒரு பொழுதிலும் அவர்கள் முழுவதுமாக அங்கே இருந்ததில்லை. நன்றாக உறங்குவதும், ஒன்றும் செய்யாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதும் வீண் என்று யாராவது சொன்னால், அவர்கள் நேரத்தின் அளவை மட்டும் பார்த்து அதன் பயனை விட்டுவிட்டார்கள் என்றே நான் கருதுவேன்.

இன்னொன்றும் உண்டு. நேரத்தை நல்லபடியாகச் செலவிடுங்கள் என்று எழுதுகிறவர்கள் பலரும், எல்லோருக்கும் தம் நேரத்தின் மீது உரிமை இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வேலை பார்த்துக் குடும்பத்தைக் கரை சேர்க்கிறவருக்கும், படுக்கையில் கிடக்கும் ஒருவரை இரவும் பகலும் கவனித்துக்கொள்கிறவருக்கும் அப்படி உரிமை கிடையாது. அவர்களிடம் போய் வாழ்நாள் குறுகியது என்று சொல்வது இரக்கமற்ற செயல். அது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எனினும், மேலே சொன்ன கேள்வியைக் கேட்பதற்கு ஓய்வான நாள் ஒன்று தேவையில்லை, அரை மணி நேரம் கையில் இருக்கிறவருக்கும் அது உதவும் என்று எண்ணுகிறேன். அந்த அரை மணியில் எதைச் செய்வது என்று தேர்வதில்தான் நேரம் குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் கூர்மை வேண்டியிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் யாரோடு செலவிட விரும்புவீர்கள் என்று கேட்டால், இளையவர்களின் விருப்பம் புதிய அறிமுகங்களின் பக்கமும் விரிகிறது. முதியவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவையோ பழைய நண்பரையோ தேர்ந்தெடுக்கிறார்கள். இது வயதின் இயல்பு என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால், விரைவில் வெகுதொலைவு குடிபெயரப் போவதாக இளையவர்களைக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவ முன்னேற்றத்தால் இன்னும் 20 ஆண்டுகள் கூடுதலாக வாழப்போவதாக முதியவர்களை எண்ணச் சொன்னபோது, அவர்களுடைய தேர்வு இளையவர்களைப் போல் விரிந்தது. அதாவது நம்முடைய முன்னுரிமைகளை மாற்றுவது வயதைவிட, எஞ்சியிருப்பதாக நாம் உணரும் காலத்தின் நீளம். இது எனக்கு மிகப் பெரிய ஆறுதலைத் தந்த செய்தி. கடைசியில் எல்லோருக்கும் தானாக வரும் தெளிவை, கடைசி வரை காத்திராமல் முன்கூட்டியே கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இது ஆதாரம்.

ஆனால் முதலில் முடிவதை முதலில் செய் என்ற விதியை நான் கண்டிப்பாகப் பின்பற்றினால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முடிந்துபோகிறவற்றின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தால், பத்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ கேட்கும் நீண்ட வேலைகளுக்கு முறையே வராது. இந்தச் சிக்கலுக்கு எனக்குக் கிடைத்த சிறந்த விடை எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கிலேய வானியலாளரின் வாழ்க்கையில் இருக்கிறது. வால்வெள்ளியின் பெயரால் அவரை எல்லோரும் அறிவார்கள். சாவைப் பற்றி முதன்முதலில் சரியான கணக்குப் போட்டவர்களுள் அவரும் ஒருவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பிரெஸ்லாவ் என்ற நகரத்தில், அதாவது இன்று போலந்தில் இருக்கும் விரோத்ஸ்வாஃப் நகரத்தில், பதிவான பிறப்பு, இறப்புக் குறிப்புகளை வைத்து 1693இல் ஹாலி ஓர் அட்டவணை தயாரித்தார். எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று அது காட்டியது. ஆயுள் காப்பீட்டுக் கணக்கின் தொடக்கங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. அந்த அட்டவணையை வைத்து அவர் ஒரு கருத்தையும் எழுதினார்: பிறக்கும் 1,238 குழந்தைகளில் 17 ஆண்டுகள் கழித்து 616 பேரே எஞ்சுகிறார்கள், பாதிப்பேர் அதற்குள் போய்விடும்போது, முதுமையை எட்டவில்லை என்று நமக்கு ஏதோ அநீதி நடந்ததாகப் புலம்புவதில் நியாயம் இல்லை. நம் காலத்தில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டதால் முதுமை என்பது நமக்கு வாக்களிக்கப்பட்ட சொத்துப் போலத் தோன்றுகிறது. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் அப்படி ஒரு நம்பிக்கைக்கு யாருக்கும் இடம் இருந்ததில்லை.

இதே மனிதர் 1720இல் இங்கிலாந்தின் அரசு வானியலாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு 63 வயது. கிரீன்விச் ஆய்வகத்துக்கு வந்து பார்த்தபோது கருவிகளே இல்லை. அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்து காலமானவரின் சொந்தக் கருவிகள் என்பதால் அவருடைய குடும்பத்தார் எடுத்துச் சென்றிருந்தார்கள். புதிய கருவிகளை ஏற்பாடு செய்துகொண்டு, 65 வயதில் நிலவின் இயக்கத்தைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்யும் வேலையை ஹாலி தொடங்கினார். கடலில் செல்லும் கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தின் தீர்க்கரேகையைக் கணிக்க அது உதவும் என்பது நோக்கம். நிலவின் பாதை சிறிது சிறிதாக மாறி மறுபடியும் பழைய நிலைக்கு வரும் சுழற்சி ஒரு முறை முழுமையாக முடிய 18 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். அவருடைய சொந்த அட்டவணையையே எடுத்துப் பார்த்தால், 65 வயதில் இருக்கும் 192 பேரில் 83 வயதில் எஞ்சுகிறவர்கள் 23 பேர்தான். ஏறத்தாழ எட்டில் ஒருவர். இந்த எண்களை அவரே கைப்பட எழுதியவர், ஆகவே தனக்கு உள்ள வாய்ப்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே தொடங்கினார். அந்த எட்டில் ஒருவராக இருந்து, முழுச் சுழற்சியையும் பார்த்து முடித்தார்.

வால்வெள்ளி திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவை ஒரே வால்வெள்ளிதான் என்றும், அது 1758 வாக்கில் மறுபடியும் வரும் என்றும் 1705இல் அறிவித்திருந்தார். 1742 ஜனவரியில், 85 வயதில் அவர் காலமானார். 1758 டிசம்பர் 25 அன்று ஜெர்மனியில் பாலிட்ஸ் என்ற விவசாயி, வானியலில் ஆர்வம் கொண்டவர், அதை முதலில் கண்டார். நிலவு வேலை ஹாலியின் ஆயுளுக்குள் முடிந்தது, வால்வெள்ளிக் கணிப்பு ஆயுளுக்கு வெளியே நிறைவேறியது. இரண்டையும் அவர் ஒரே மாதிரியான அக்கறையோடு செய்திருக்கிறார் என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. நீண்ட வேலைகளுக்கும் கெடு உண்டு என்பதை ஹாலியிடம் நான் கற்றேன். அந்தக் கெடு வேலையின் முடிவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. 18 ஆண்டு வேலையை 65 வயதில் தொடங்குவதற்கும் 75 வயதில் தொடங்குவதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அவருடைய அட்டவணையே சொல்லும். முடிப்போமா என்ற கேள்விக்கு நம்மிடம் விடை கிடையாது. தொடங்குவதற்கான நாள் மட்டும் நம் கையில் இருக்கிறது, அதுவும் நாளுக்கு நாள் விலகிப் போகிறது. நானும் அப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். வேறொரு மொழியைக் கற்றுவருகிறேன். அதன் பழைய கவிதைகளை அகராதி இல்லாமல் படிக்கும் நிலைக்கு வரப் பத்து ஆண்டுகளாவது ஆகும் என்று கற்றுத்தருகிறவர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு காலையும் அதற்கென்று கொஞ்சம் பொழுதை ஒதுக்குகிறேன், அவ்வளவுதான்.

இன்று என் வரிசையில் அதற்கும் முன்னால் நிற்பவர் என் பெரியம்மா. அவருக்கு நினைவு தேய்ந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் அதன் போக்கை மறைக்காமல் எங்களுக்கு விளக்கியிருக்கிறார். அண்மையில் நடந்தவை முதலில் மறக்கின்றன, பழையவை இன்னும் தங்கியிருக்கின்றன, ஆனால் அவையும் கரையும். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் உள்ளன. அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் உலகத்தில் இப்போது அவர் ஒருவர்தான். நான் ஒவ்வொரு படமாக எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். அவர் விரலை முகத்துக்கு முகம் நகர்த்திப் பெயரைச் சொல்ல, நான் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். பேனாவால் எழுதினால் நாளடைவில் மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். சில முகங்களில் விரல் நின்றுவிடுகிறது. “இவ யாருன்னு வாய் வரைக்கும் வருது” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். நான் வற்புறுத்துவதில்லை, வற்புறுத்தினால் அவருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது, பதற்றம் வந்தால் தெரிந்த பெயர்களும் மறைந்துவிடுகின்றன. அந்தப் படங்களைத் தனியே ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டு, அடுத்த முறை அவற்றை முதலில் எடுக்கிறேன்.

சில பெயர்கள் இரண்டாவது முறையில் கிடைத்திருக்கின்றன. ஒரு படத்தில் யார் என்று தெரியாமல் இருந்த ஒரு பெண், பெரியம்மாவோடு ஒரே வகுப்பில் படித்து, பத்து வயதில் காய்ச்சலில் இறந்துபோன தோழி என்று ஒரு நாள் திடீரென்று சொன்னார். அந்தச் சிறுமி இடது கையால் எழுதுவாள் என்றும், அதற்காக ஆசிரியரிடம் அடி வாங்குவாள் என்றும் சொன்னார். அவளைப் பற்றி உலகத்தில் எஞ்சியிருக்கும் தகவல் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதையும் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியம்மாவுக்குக் காலையில் எழுந்து குளித்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் நினைவு தெளிவாக இருக்கிறது; மாலையில் குழம்பிவிடுகிறார், நாங்கள் யார் என்பதே சில மாலைகளில் பிடிபடுவதில்லை. நான் வழக்கமாக வேலை முடிந்த பிறகு மாலையில்தான் அவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் வேலையைத் தொடங்கி இரவில் முடித்துக்கொள்ள மேலதிகாரியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அனுமதி வரும் வரை விடுப்பு எடுத்துக்கொண்டு காலையில் போகிறேன். உறையில் இன்னும் கொஞ்சம் படங்கள் இருக்கின்றன.